தாசில்தாரின் வயிறு

நாளெல்லாம் ஊரார் மலத்தைப் பார்த்துச்
சம்பாதிக்கிறவள் நான்.
ஆஸ்பத்திரி லேபில் மூன்றாம் மேஜை.
சின்ன டப்பா, பெயர், வார்டு எண்,
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர்.
வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான்:
கூண்டுத் தட்டை இழுத்து
உருண்டைகளை எண்ணுவது.

காகிதம் எதைக் கண்டாலும்
ஓரத்தில் கடித்துவைப்பதால்
முயலுக்குத் தாசில்தார் என்று பெயர்.
ரேஷன் கார்டு, கரண்ட் பில், எங்கள் கல்யாணப் பத்திரிகை,
எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து உண்டு.

சித்திரைக் கடைசி.
தொரப்பாடி ஜெயில் மதில்மேல்
காக்கை உட்காராத வெயில்.
நேற்று தட்டில் நூற்று எண்பது.
இன்று காலை பதினொன்று,
அதுவும் மிளகாய்ச் சிறுத்து,
முடியில் கோத்த மணிபோல்.
சாயங்காலம் ஒன்றுமில்லை.

மூலையில் முதுகைக் குவித்து
நறநறவென்று பல்லைக் கடித்தது.
கொத்தமல்லியை மோந்து முகம் திருப்பியது.
வயிற்றில் காது வைத்தேன்.
பக்கத்து வீட்டில் யாரோ
பாத்திரம் நகர்த்துவதுபோல்
எப்போதும் ஒரு சத்தம் இருக்கும்.
அன்று பூட்டிய வீடு.

வாந்தி எடுக்கத் தெரியாத பிராணி.
உள்ளே போனதற்குத் திரும்பி வரும் வழியில்லை,
போய்க்கொண்டே இருக்கவேண்டும்.

கால்நடை டாக்டர் ஹபீபா அமுக்கிப் பார்த்தார்.
"அடைப்பு இல்ல. குடல் அசைவு நின்னுபோச்சு.
என்ன குடுத்தீங்க?"
"புல்லுதான் மேடம்."
"புல்லு மட்டுமா?"
என் வீட்டுக்காரர்
சுவரில் கோமாரி நோய் போஸ்டரை வாசித்துக்கொண்டிருந்தார்.
வாசித்ததையே திரும்ப வாசித்தார்.

ராணிப்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்குத்
தோல் லோடு ஓட்டுகிறவர்.
ராத்திரி இரண்டு மணிக்கு வந்து
என்னை எழுப்பாமல், மூடிவைத்த சோற்றைத் திறக்காமல்,
ஃபிளாஸ்க் டீயில் ரஸ்க் நனைத்து
ஒன்று அவருக்கு, ஒன்று தாசில்தாருக்கு.
ஆறு மாசமாக.
"அது ஒண்ணுதான் அந்நேரத்துக்கு முழிச்சிருக்கும்"
என்றார் பைக்கில், பாதி வழியில்,
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.
திட்ட வாயெடுத்தேன்.
வேகத்தடை வந்தது.

அன்றைக்கு அவர் லோடுக்குப் போகவில்லை.
வாயுவுக்குச் சொட்டு மருந்து.
மிக்சியில் அரைத்து வடிகட்டிய புல்,
ஊசியில்லாத சிரிஞ்சில், கடைவாய் ஓரமாக,
ஒரு மில்லி. மெல்லட்டும். இன்னொரு மில்லி.
பதினாறு டயர் வண்டியைத் திருப்புகிற கை
ஒரு முயலின் அடிவயிற்றை
மாவு பிசையக்கூடத் தகாத மெதுவில் தடவியது.
ஐஸ் பாட்டில் உருகியது. மாற்றினோம்.
மின்சாரம் போய் வந்தது.

மூன்றே முக்காலுக்கு
"ஏய், இங்க காது வை" என்றார்.
எங்கோ ஒரு கரண்டி விழுந்தது.

நாலேகாலுக்கு ஒன்று.
ஈரமாய், கோணலாய், கடுகுக்குக் கொஞ்சம் பெரிசாய்.
எண்பது டப்பா பார்த்தாலும் முகம் மாறாதவள்
அதை உள்ளங்கையில் வைத்து
டியூப் லைட்டுக்கு அடியில் நீட்டினேன்.
அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப்
போட்டுக்கொண்டு பார்த்தார்.

விடியுமுன் அரிவாளும் கோணியுமாகக் கிளம்பினார்.
பாலாற்றில் தண்ணீர்தான் இல்லை,
புல் நிறையக் கிடக்கிறதே என்றேன்.
"அந்த மண்ணு என்னத்த குடிச்சிருக்குன்னு
தோலு ஏத்துறவனுக்குத் தெரியாதா?"
ஓட்டேரிப் பக்கம் போனார்.

நோட்டில் நேரம் போட்டு ஒன்று என்று எழுதினேன்.
தாளை மூக்கருகே நீட்டினேன்.
தாசில்தார் மோந்தார்.
கையெழுத்துப் போடவில்லை, இன்னும்.

அடுப்படியில் சோறு மூடியபடியே இருந்தது.
பக்கத்தைத் திருப்பி, பழக்கத்தில்,
மேலே பெயர் எழுதினேன்: சுகிர்தன்.
வயது நாற்பத்து மூன்று.
நேற்று ராத்திரி சாப்பிட்டது